செயற்கை நுண்ணறிவு தாற நிறுவலை எந்த அளவுக்கு நம்பலாம்?

நெடுங்கேணியான்

எல்லாருக்கும் வணக்கம். வன்னியில உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்க ஆள் குறைவு எண்டது தெரிஞ்ச விசயம். பிள்ளையள் கேள்வியைப் போனில படம் எடுத்து சற்ஜிபிடிக்கோ ஜெமினைக்கோ போட்டு, வாற விடையை அப்பிடியே கொப்பியில இறக்குகினம். இதுக்கு ஒரு பொது விதி வேணும். என்ர நிலைப்பாட்டைச் சொல்லித் தொடங்கிறன், மறுக்கிறவை மறுக்கலாம்.

நிறுவல் எண்டால் ஒவ்வொரு வரியும் முந்தின வரியில இருந்து வரவேணும். வந்தால் அது நிறுவல். வராட்டில் இல்லை. நடுவில "80 வீதம் சரி" எண்ட நிலை கணிதத்தில கிடையாது. தாயக்கட்டைக்கு நிகழ்தகவு சொல்லலாம், அது எப்பிடியும் விழலாம். 2இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் எண்ட கூற்று எப்பிடியும் விழாது. அதுக்கு நிகழ்தகவு 1. அதின்ர மறுப்புக்கு 0.

அதால விதி: சரிபார்க்காத விடைக்கு நம்பிக்கை பூச்சியம், வரிவரியாகச் சரிபார்த்த விடைக்கு முழு நம்பிக்கை. "இயந்திரம் பெரும்பாலும் சரியாத்தான் சொல்லும்" எண்ட கதைக்கு வகுப்பறையில இடமில்லை.

பம்பைமடு

சேர், விதி வடிவாயிருக்கு, ஆனால் கணிதவியலாளர் அந்த விதியில நடக்கிறேல்லை. கெப்ளர் எடுகோளை எடுங்கோ. ஒரே அளவான கோளங்களை ஆகக்கூடிய நெருக்கமா எப்பிடி அடுக்கலாம் எண்ட கேள்வி. 1998இல தோமஸ் ஹேல்ஸ் நிறுவல் குடுத்தார், நூற்றுக்கணக்கான பக்கமும் பெரிய கணினிக் கணிப்பும். 'அனல்ஸ் ஒவ் மதமற்றிக்ஸ்' சஞ்சிகை 12 நடுவர்களைப் போட்டது. அவை வருசக்கணக்கா மினக்கெட்டுப்போட்டுச் சொன்ன முடிவு: நிறுவல் சரியெண்டு 99 வீதம் நிச்சயம், கணினிக் கணிப்பு முழுவதையும் பார்க்கேலாது. 2005இல கட்டுரை அச்சில வந்தது.

உங்கட விதிப்படி 2005இல அந்தத் தேற்றத்தில நம்பிக்கை பூச்சியமோ ஒண்டோ? பிறகு ஹேல்ஸ் குழு பிளைஸ்பெக் எண்ட திட்டத்தில எச்ஓஎல் லைற், இசபெல் எண்ட நிறுவல் சரிபார்ப்பான்களால முழு நிறுவலையும் சரிபார்த்து 2014 ஓகஸ்டில முடிச்சது. அந்த ஒன்பது வருசத்தில தேற்றத்தின்ர உண்மை துளியும் மாறேல்லை. மாறினது நாங்கள் அதில வைக்கத் தகுந்த நம்பிக்கை. மாறுற ஒண்டுக்கு ஒரு அளவு இருக்கத்தான் வேணும்.

இன்னொண்டு. இணைய வங்கிக்குப் பாவிக்கிற ஆர்எஸ்ஏ எண்ட மறையாக்க முறையின்ர திறவுகோலுக்குப் பெரிய முதன்மை எண்கள் வேணும். அவற்றைத் தெரிவு செய்யிறது பெரும்பாலும் மில்லர்–ராபின் எண்ட முதன்மைச் சோதனையால. எண் பகுக்கப்படக்கூடியது (முதன்மை அல்ல) எண்டால், எழுமாறாய் எடுத்த ஒரு அடி (சோதிக்கப் பாவிக்கிற எண்) அதைக் கண்டுபிடிக்காமல் விடுற நிகழ்தகவு ஆகக்கூடினது 1/4. 20 தரம் செய்தால் 4இன் 20ஆம் அடுக்கின் கீழ் ஒண்டு, கிட்டத்தட்ட ஒரு இலட்சம் கோடியில ஒண்டு.

இதில கனபேர் வழுக்கிற இடம் ஒண்டு இருக்கு. அது "பகுக்கப்படக்கூடிய எண் சோதனையைத் தாண்டுற" நிகழ்தகவு. எங்களுக்கு வேண்டியது "சோதனையைத் தாண்டின எண் பகுக்கப்படக்கூடியதாய் இருக்கிற" நிகழ்தகவு. அதுக்கு முன்நிகழ்தகவு, அதாவது சோதிக்க முதலே இருக்கிற வாய்ப்பு, தேவை. 300 இலக்க அளவில எடுத்த ஒற்றை எண்களில ஏறக்குறைய 345க்கு ஒண்டுதான் முதன்மை (10இன் 300ஆம் அடுக்கின் இயற்கை மடக்கை 690.8, ஒற்றை எண் மட்டும் எடுக்கிறதால அதில பாதி). அப்ப, முன்நிகழ்தகவையும் சான்றையும் சேர்த்துக் கணிக்கிற பேயிசின் தேற்றப்படி பிழைக்கிற வாய்ப்பு சுமார் 344 மடங்கு கூடி, ஆயிரம் கோடியில மூண்டு அளவுக்கு வரும். அப்பவும் சின்ன எண்தான். ஆனால் 1/4ஐ மட்டும் அடுக்கேத்திப்போட்டு அதையே விடை எண்டு சொல்றவர் பேயிசை விட்டிட்டார்.

நெடுங்கேணியான்

மில்லர்–ராபினில எழுமாறு அடியில இருக்கு, எண்ணில இல்லை. தாயக்கட்டையை உள்ளுக்குக் கொண்டுவந்துபோட்டு நிகழ்தகவு இருக்கெண்டு சொல்றது என்ர கேள்விக்கு விடையாகாது. எழுமாறே இல்லாத சுத்தமான கூற்றுக்கு "அளவான நம்பிக்கை" எங்களைக் குழிக்குள்ள தள்ளியிருக்கு. ஒயிலர் சொன்னார், நாலு ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு ஐந்தாம் அடுக்கு எடுக்கேலாது எண்டு. 1966இல லாண்டரும் பார்க்கினும் கணினியால பிடிச்சது:

27⁵ + 84⁵ + 110⁵ + 133⁵ = 144⁵

ரெண்டு பக்கமும் 61,917,364,224. பொல்யா எடுகோள் (எந்த எண் வரைக்கும் எடுத்தாலும், ஒற்றை எண்ணிக்கையில முதன்மைக் காரணி உள்ள எண்கள் பாதிக்குக் குறையாது எண்டது) எண்டதுக்கு ஆகச்சின்ன எதிருதாரணம் 906,150,257இல. தொண்ணூறு கோடி எண் வரைக்கும் உங்கட "நம்பிக்கை" ஏறிக்கொண்டே போயிருக்கும். லிற்றில்வூட் 1914இலயே நிறுவிப்போட்டார், முதன்மை எண்களின்ர எண்ணிக்கை, அதை மதிப்பிடப் பாவிக்கிற மடக்கைத் தொகையீட்டை முடிவிலித் தரம் தாண்டும் எண்டு. இண்டைக்கு வரைக்கும் நேரடியாய்க் கணிச்ச ஒரு இடத்திலயும் அது தாண்டேல்லை.

மாங்குளம் சந்தி

சேர் தந்த மூண்டும் அருமையான உதாரணங்கள். ஆனால் அவை காட்டுறது வேறொண்டை: எத்தினை எண்ணைச் சோதிச்சம் எண்டதை மட்டும் சான்றாய் எடுத்தால் பிழைக்கும். கவனமாய் யோசிக்கிறவருக்கு வேற சான்றும் இருக்கு.

ஒயிலரின்ர கூற்றையே எடுப்பம். வலப்பக்கத்து எண் ம எண்டு வையுங்கோ. இடப்பக்கத்துக்கு மவிலும் சின்னனான நாலு எண் வேணும். அப்பிடியான தெரிவுகள் ம⁴ அளவில இருக்கு. அவற்றின்ர கூட்டுத்தொகைகள் ம⁵ அளவான வீச்சில பரவிக் கிடக்கு. அப்ப ஒரு தெரிவு சரியாய் ம⁵இல விழுற வாய்ப்பு 1/ம⁵ அளவு. பெருக்கினால் ஒவ்வொரு மவுக்கும் எதிர்பார்க்கிற தீர்வு 1/ம அளவு. 1 + 1/2 + 1/3 + … விரிகிற தொடர். மடக்கை போல ஆறுதலாய்த்தான் வளரும், ஆனால் எல்லையில்லாமல் வளரும். அதாவது 1966க்கு முதலே இந்தக் கணக்கைப் போட்டிருந்தவர் எதிருதாரணம் வரும், அது அரிதாய் வரும் எண்டு எதிர்பார்த்திருப்பார். நூறு வரைக்கும் ஒண்டும் அகப்படேல்லை எண்டது அவரைப் பெரிசாய் அசைச்சிருக்காது.

அதே கணக்கை அ³ + ஆ³ = இ³ எண்டதுக்குப் போட்டாலும் இ²/இ³, திரும்பவும் 1/இ. ஆனால் அங்க தீர்வு இல்லை எண்டு ஒயிலரே காட்டினவர். உள்ளுக்கு ஒரு அமைப்பு இருக்கிற இடத்தில "எழுமாறாய் விழுது" எண்ட எடுகோள் உடையும். அதால இந்தக் கணக்கும் நிறுவல் ஆகாது, நம்பிக்கையை ஏத்தி இறக்கிற சான்று. ஆனால் வெறும் சோதனை எண்ணிக்கையை விட எவ்வளவோ தரமான சான்று.

இனி எழுமாறே இல்லாத சுத்தமான கூற்று. பை (π) எண்ட எண்ணின்ர தசம இலக்கங்கள் 200 இலட்சம் கோடிக்கு மேல கணிச்சாச்சு. 10இன் 100ஆம் அடுக்காவது இலக்கம் 7 எண்டதுக்கு, சேர், பந்தயத்தில எவ்வளவு வைப்பியள்? உங்கட விதிப்படி விடை 0 அல்லது 1. எதெண்டு ஆருக்கும் தெரியாது. நியாயமாய் யோசிக்கிற எவரும் 1/10 எண்டுதான் சொல்லுவினம்.

சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணியில எத்தினை ஏக்கர் விதைக்கிறது எண்டு கூட்டத்தில தீர்மானிக்கேக்க, மழை வருமோ எண்டது இன்னும் நடக்காத விசயம், பொறுத்துத்தான் அறியலாம். பையின்ர இலக்கத்துக்குப் பொறுக்க ஒண்டுமில்லை. தேவையான தகவல் முழுக்க இப்பவே கையில இருக்கு, கணிச்சு முடிக்க ஆயுள்தான் காணாது. இந்த ரெண்டாவது வகை அறியாமைக்கு வழமையான நிகழ்தகவுக் கோட்பாட்டில இடமே இல்லை. தர்க்கத்தால உண்மையான எல்லாத்துக்கும் 1 குடு எண்டுதான் அது கேக்குது. அதாவது எல்லாத் தேற்றமும் தெரிஞ்ச ஒரு ஆளைத்தான் "நியாயமானவர்" எண்டு அது ஏற்கும். லெனார்ட் சவேஜ் 1967இலயே பையின்ர தூரத்து இலக்கத்தைக் காட்டி இந்தச் சிக்கலை எழுதினவர். அதே வருசம் இயன் ஹக்கிங், மனிசருக்குக் கட்டுப்படியாகிற மாதிரி விதியைத் தளர்த்த வழி சொன்னார்.

முத்தையன்கட்டு

விவாதம் நல்லாப் போகுது, ஆனால் தொடக்கக் கேள்விக்குக் கொஞ்சம் வருவம். பிள்ளை ஒரே கேள்வியை அஞ்சு தரம் கேட்டு, மூண்டு தரம் ஒரே விடை வந்தால் அதை எடுக்கிறான். இது எவ்வளவு பெறுமதி?

ஒவ்வொரு தரமும் சரி வர வாய்ப்பு 0.7, அஞ்சும் ஒண்டில ஒண்டு தங்காதவை எண்டு வைச்சால், குறைஞ்சது மூண்டு சரி வாற நிகழ்தகவு 0.3087 + 0.3602 + 0.1681 = 0.837. நல்ல ஏற்றம்தான். ஆனால் அந்தச் சுயாதீனம் இஞ்ச இல்லை. ஒரே இயந்திரம், ஒரே பயிற்சி, ஒரே படம். கேள்வியில "குறையல்லாத" எண்டதை "நேரான" எண்டு வாசிச்சுப்போட்டால் அஞ்சு தரமும் அப்பிடித்தான் வாசிக்கும். அப்ப அஞ்சு சாட்சி ஒரு சாட்சிதான், 0.7 அப்பிடியே நிக்கும். கேள்வியை வேற வசனத்தில எழுதி, வேற நிறுவனத்தின்ர இயந்திரத்திட்டயும் கேட்டால் தங்கல் கொஞ்சம் குறையும். முழுக்கப் போகாது, பயிற்சித் தரவு பெரும்பாலும் பொதுவானது.

நிறுவல் கேள்வியில பிழை எங்க ஒளிக்கும் எண்டதையும் சொல்லவேணும். நான் முதலில பார்க்கச் சொல்ற இடம் கோவையால வகுக்கிற வரி. அந்தக் கோவை பூச்சியமாகலாமோ? அடுத்தது சமனிலியை எதிர்க் கணியத்தால பெருக்கிற இடம். பிறகு "தெளிவாக", "இலகுவில் காணலாம்" எண்டு வாற வரி. கஷ்டமான படி கனக்க அதுக்குள்ளதான் புதைஞ்சு கிடக்கும். தொகுத்தறிவில 1, 2, 3க்குப் பார்த்துப்போட்டுப் பொதுவாக்கிறதும், கேட்டதை விட்டு மறுதலையை நிறுவுறதும் அடிக்கடி. கடைசி வரி கேள்வித்தாளில இருக்கிற கூற்றோட எழுத்துக்கு எழுத்து பொருந்துதோ எண்டதை முடிவில ஒருக்கால் பாருங்கோ. நிறுவ ஏலாத கட்டத்தில கூற்றை மெல்ல மாத்திப்போட்டு, மாத்தினதை ஒழுங்காய் நிறுவித் தாற பழக்கம் இந்த இயந்திரங்களுக்கு இருக்கு.

வவுனிக்குளம்

இதுக்கெல்லாம் வழி இருக்கு: லீன். லியோனார்டோ த மூரா 2013இல மைக்ரோசொப்ட் ஆய்வுப் பிரிவில தொடங்கின நிறுவல் மொழி. நிறுவலை அதில எழுதினால் கடைசியில கரு எண்ட சின்ன நிரல்தான் ஒவ்வொரு படியையும் சரிபார்க்கும். நிறுவலை எழுதினது மனிசனோ இயந்திரமோ எண்டு கருவுக்குத் தெரியவும் வேண்டாம். இது மில்னரின்ர எல்சிஎப் எண்ட நிறுவல் முறைமையின்ர காலத்தில, 1970களில, வந்த யோசனை: தேடுற பகுதி எவ்வளவு பெரிசாயும் நம்பேலாததாயும் இருக்கலாம், சரிபார்க்கிற பகுதி சின்னனாயும் திறந்ததாயும் இருக்கவேணும்.

2024 சர்வதேச கணித ஒலிம்பியாட்டில கூகிள் டீப்மைண்டின்ர அல்பாபுரூவ் எண்ட இயந்திரம் இப்பிடித்தான் வேலை செய்தது. கேள்விகளை மனிசர் லீனுக்கு மாத்திக் குடுத்தவை. அல்பாஜியோமெற்றி 2ஓட சேர்ந்து ஆறில நாலு கேள்வி, 42க்கு 28 புள்ளி. தங்கத்துக்கு 29 வேணும். ஒரு கேள்விக்கு மூண்டு நாள் வரைக்கும் எடுத்தது. 2025இல கூகிளின்ர ஜெமினை டீப் திங்க் சாதாரண மொழியிலயே எழுதி, நாலரை மணித்தியாலத்துக்குள்ள 35 எடுத்தது. புள்ளி கூடினது, ஆனால் அதைச் சரி எண்டு சொல்லத் திரும்பவும் மனிச நடுவர்தான் வாசிக்கவேண்டி வந்தது. நம்பிக்கை எதில தங்கி நிக்குது எண்டு பார்த்தால் 2024இன் 28உம் 2025இன் 35உம் வேற வேற சாதி.

செய்து பார்க்க விரும்புறவைக்கு: முதலில உலாவியிலயே ஓடுற லீன் பக்கத்தில தொடங்குங்கோ, கணினியில ஒண்டும் போடத் தேவையில்லை. பிறகு கணினியில போடுறதெண்டால் லீனின்ர கணித நூலகமான மத்லிப் சில ஜிகாபைற் வரும், இரவு டேற்றாவில இறக்குங்கோ. "லேக் எக்ஸி காஷ் கெற்" (lake exe cache get) எண்ட கட்டளையை மறந்தால் கணினி முழு நூலகத்தையும் தானே தொகுக்க வெளிக்கிடும், மணித்தியாலக் கணக்கில நிக்கும். 8 ஜிபி நினைவகத்துக்குக் குறைவெண்டால் இழுபடும்.

அ² + ஆ² ≥ 2அஆ எண்டதை மெய்யெண்ணுக்கு எழுதி, "என்லினாரித்" எண்ட உத்திக்கு (அ−ஆ)² குறையல்லாதது எண்ட குறிப்பைக் குடுத்தால் ஒரு வரியில முடியும். சற்பொட்டிட்டக் கேட்டு லீன் எழுதுவிச்சால் ரெண்டு பிழை அடிக்கடி காண்பியள்: இல்லாத தேற்றப் பேரைப் புதிசாய் உண்டாக்கும், லீன் 3இன் பழைய இலக்கணத்தை லீன் 4ஓட கலக்கும். ரெண்டும் சிவப்புக் கோடாய் உடன காட்டும், ஆபத்தில்லை.

நெடுங்கேணியான்

நல்லது. அப்ப என்ர விதி அப்பிடியே நிக்குது. லீன் ஏற்றால் 1, ஏற்காட்டில் 0. நடுவில ஒண்டும் தேவைப்படேல்லை.

வவுனிக்குளம்

சிவப்புக் கோடு வராத பிழையள்தான் ஆபத்து, சேர். லீன் சரிபார்க்கிறது எழுதின கூற்றுக்கு நிறுவல் இருக்கோ எண்டது. எழுதின கூற்று நாங்கள் நினைச்ச கூற்றோ எண்டதை ஒரு கருவாலயும் பார்க்கேலாது.

கிட்ட வைச்சுக் காட்டுறன். லீனில இயற்கையெண்ணில கழித்தல் பூச்சியத்தில நிண்டிடும்: 2 − 3 = 0. இப்ப அ = 2, ஆ = 3 போடுங்கோ.

(அ − ஆ)² → 0
அ² − 2அஆ + ஆ² → (4 − 12) + 9 = 0 + 9 = 9
அ² + ஆ² − 2அஆ → 13 − 12 = 1

ஒரே கோவை எண்டு ஒன்பதாம் வகுப்பில படிச்ச மூண்டும் மூண்டு விடை தருது. சரியான விடை 1. வகையைக் குறிப்பிடாமல் விட்டால் லீன் எண்களைச் சிலவேளை இயற்கையெண் எண்டு எடுக்கும். இயந்திரம் கூற்றை மொழிபெயர்க்கேக்க இப்பிடி எழுதிப்போட்டால், நிறுவலும் வரும், பச்சையும் காட்டும், தேற்றம் வேற. கழித்தல் இருந்தால் நிறையெண் வகையைக் கையால எழுதுங்கோ. வகுத்தலும் அதே மாதிரி: லீனில 1/0 = 0 எண்டு வழக்கு. முரண்பாடு வராது, ஆனால் "பகுதி பூச்சியமல்ல" எண்ட நிபந்தனை விடுபட்டது வெளியில தெரியாமல் போகும்.

மற்றது, நிபந்தனையளே ஒண்டோட ஒண்டு முரண்பட்டால். அ < ஆ, ஆ < இ, இ < அ எண்டு தந்தால் எந்த முடிவையும் நிறுவலாம். எல்லா நிபந்தனையையும் திருப்திப்படுத்துற ஒரு உதாரணத்தையாவது லீனிலயே காட்டச் சொல்லிக் கேளுங்கோ. அது வராட்டில் தேற்றம் வெறுமையானதாய் இருக்கலாம்.

முடிவில "பிரிண்ட் ஆக்ஸியம்ஸ்" கட்டளை. மூண்டு வழமையான வெளிப்படையுண்மைகள் வரலாம்: கூற்றுச் சமன், ஈவு, தெரிவு. "சொறி" (sorry) எண்டு பேர் வந்தால் எங்கயோ ஒரு படியை நிரப்பாமல் விட்டிருக்கு. "நேற்றிவ் டிசைட்" பாவிச்சிருந்தால் கருவோட சேர்த்துத் தொகுப்பானையும் நம்பவேண்டி வரும். அதுவும் இந்தப் பட்டியலில மேலதிகமாய்க் காட்டும்.

பம்பைமடு

வவுனிக்குளத்தார் சொன்னதுக்கு மேல இன்னொரு அடுக்கு இருக்கு. கருவையும் அதின்ர தர்க்கத்தையும் எதை வைச்சு நம்புறம்? "இந்த முறைமை நிறுவுற எல்லாம் உண்மை" எண்டு அந்த முறைமைக்குள்ளயே நிறுவிப்போட்டு நிம்மதியாய் இருக்கேலாது. தர்க்கவியலாளர் கேடல் 1931இல காட்டினது: போதிய எண்கணிதம் உள்ள, இசைவான (உள்ளுக்கு முரண்பாடு இல்லாத) முறைமை தன்ர இசைவைத் தானே நிறுவாது. 1955இல லோப் அதை இறுக்கினார்: "இந்தக் கூற்றுக்கு நிறுவல் இருந்தால் இந்தக் கூற்று உண்மை" எண்டு முறைமை நிறுவினால், அது அந்தக் கூற்றையே நிறுவிப்போடும். அதாவது, ஏற்கனவே நிறுவ ஏலுமான கூற்றுக்கு மட்டும்தான் அது தன்னில நம்பிக்கை வைக்கலாம்.

செயற்கை நுண்ணறிவுக்கு இது வெறும் ஏட்டுக் கதை இல்லை. ஒரு இயந்திரம் தன்ர அடுத்த பதிப்பை எழுதுது, அதே தர்க்கத்தில. "அடுத்தது நிறுவுறதெல்லாம் உண்மை" எண்டு நிறுவினபிறகுதான் அதை ஓட விடுவன் எண்டு விதி வைச்சால், லோப் குறுக்க நிப்பார். லீனின்ர தர்க்கத்துக்கு இசைவு காட்டினது தொடைக் கோட்பாட்டோட அணுக முடியாத எண்ணளவுகள் (மிகப் பெரிய முடிவிலிகள்) இருக்கு எண்ட மேலதிக எடுகோள்களையும் சேர்த்துத்தான். அந்த எடுகோள்களில எங்களுக்கு இருக்கிற நம்பிக்கை மிக உயர்வானது, நியாயமானது, ஆனால் நிறுவலால வந்ததில்லை. சேர் 1 எண்டு எழுதின இடத்தில நான் 1க்கு மிகக் கிட்டின ஒண்டை எழுதுவன்.

மாங்குளம் சந்தி

பம்பைமடு அக்கா விட்ட இடத்திலதான் 2016இல வந்த தர்க்கத் தொகுத்தறிவு எண்ட வேலை தொடங்குது. ஸ்கொட் கராபிரான்டும் நாலு பேரும் எழுதினது. சுருக்கமாய் முயற்சி செய்யிறன்.

ராம்சே 1926இலும் டி பினெற்றி 1937இலும் சொன்ன வாதம் தெரியும்: உங்கட நம்பிக்கை அளவுகள் நிகழ்தகவு விதியை மீறினால், நீங்கள் எப்பிடியும் தோற்கிற பந்தயத் தொகுதி ஒண்டை எதிராளி கட்டலாம். கணிதக் கூற்றுக்கு இதை அப்பிடியே போட்டால், பையின்ர இலக்கத்துக்கு 1/10 சொன்னவரும் "தோற்பவர்" ஆகிடுவார். ஆனால் அந்தப் பந்தயத்தைக் கட்ட எதிராளிக்கு அந்த இலக்கமே தெரிஞ்சிருக்க வேணும். கணிக்க ஆயுள் காணாத ஒண்டை எதிராளிக்கு மட்டும் இலவசமாய்க் குடுக்கிறது நீதியில்லை.

அதால அவை எதிராளியைக் கட்டுப்படுத்தினவை. சந்தை ஒண்டை நினையுங்கோ. ஒவ்வொரு கூற்றும் 0க்கும் 1க்கும் இடையில விலையுள்ள பத்திரம். கூற்று நிறுவப்பட்டால் 1 தரும். ஒவ்வொரு நாளும் ஒரு நிறுவல் இயந்திரம் சில புதிய தேற்றங்களை வெளியிடும். வியாபாரிகள் எல்லாரும் பல்லுறுப்பு நேரத்துக்குள்ள, அதாவது நியாயமான வேகத்தில, ஓடுற கணினி நிரல்கள். இழப்புக்கு எல்லை வைச்சுக்கொண்டு எல்லையில்லாத இலாபம் எடுக்க ஒரு வியாபாரியாலயும் ஏலாத மாதிரி விலைகளை வைச்சால், அந்த விலைகள்தான் நியாயமான நம்பிக்கை. அப்பிடி விலை வைக்கலாம் எண்டதைப் பிறவுவரின்ர நிலைப்புள்ளித் தேற்றத்தால காட்டினவை.

இதில இருந்து வாற விளைவுகள்தான் எனக்குப் பெறுமதி. பையின்ர தூரத்து இலக்கங்களை வேகமான நிரல் எதாலயும் ஊகிக்க ஏலாதெண்டால் விலை 1/10ஐ நோக்கிப் போகும். ஒரு வரிசையில வாற கூற்றுகள் எல்லாம் நிறுவக்கூடியவையாயும், அந்த வரிசையை வேகமாய் உண்டாக்கக்கூடியதாயும் இருந்தால், ஒவ்வொண்டின்ர நிறுவலும் வர முதலே விலை 1ஐ அண்டும். தன்ர எதிர்கால விலைகளிலயும் அது நம்பிக்கை வைக்கலாம், ஏனெண்டால் அது "நிறுவுவன்" எண்டு சொல்லேல்லை, விலைதான் சொல்லுது. லோப் மறிச்ச இடத்தைச் சுத்திப் போக ஒரு பாதை இது.

குறையையும் சொல்லவேணும். எல்லாம் எல்லையில மட்டும் உறுதி. குறிப்பிட்ட ஒரு நாளில விலை எவ்வளவு நல்லது எண்டு உத்தரவாதம் கிடையாது. அந்த நிரலை உண்மையில ஓட்டிப் பயன் எடுக்கவும் ஏலாது, அவ்வளவு மெதுவானது. எந்த நம்பிக்கை நியாயமானது எண்டதுக்கு வரைவிலக்கணம் தாற வேலைதான் அது.

நெடுங்கேணியான்

எதிராளிக்குத் தெரியாத ஒண்டை வைச்சு என்னைத் தோற்கடிக்கேலாது எண்ட இடம் விளங்குது, அந்த வாதம் பலமானது. ஆனாலும் பிள்ளை பரீட்சைத் தாளில நிறுவல் எழுதேக்க அளவு கிடையாது எண்ட இடத்தில நான் நிக்கிறன். புள்ளித்திட்டம் வரிக்கு வரி. அளவு வேணுமெண்டால் அது இயந்திரத்தின்ர விடையைப் பிள்ளை கையில எடுக்கிற நேரத்துக்குத்தான். அந்த நேரத்தில பிள்ளை சொல்ற "90 வீதம்" நேர்மையானதோ எண்டு எப்பிடி அளக்கிறது?

முத்தையன்கட்டு

இதுக்குப் புள்ளிவிபரத்தில பழைய வழி இருக்கு, சேர். இயந்திரத்தின்ர ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில பிள்ளை தன்ர நம்பிக்கையை எழுதவேணும், விடையைத் திருத்த முதல். பிறகு திருத்திப்போட்டு, சரியெண்டால் (1 − நம்பிக்கை)², பிழையெண்டால் நம்பிக்கை² எண்டு தண்டம். இது பிறையரின்ர அளவு, 1950இல காலநிலை எதிர்வுகூறலுக்கு வந்தது.

0.9 எண்டு எழுதி விடை சரியெண்டால் தண்டம் 0.01, பிழையெண்டால் 0.81. 0.5 எண்டு எழுதினால் எதுவெண்டாலும் 0.25. 0.99 எழுதிப் பிழைச்சால் 0.98. இந்த அளவின்ர சிறப்பு, உள்ளுக்கு நம்புறது 0.7 எண்டால் 0.7 எழுதினால்தான் எதிர்பார்க்கிற தண்டம் ஆகக்குறைவு (0.21). கூட்டி எழுதியும் குறைச்சு எழுதியும் இலாபம் இல்லை. 0.9 எண்டு புளுகினால் 0.7 × 0.01 + 0.3 × 0.81 = 0.25.

மடக்கை அளவும் இருக்கு: 0.9 எழுதிப் பிழைச்சால் 2.30, 0.99 எழுதிப் பிழைச்சால் 4.61, 1 எண்டு எழுதிப் பிழைச்சால் முடிவிலி. தத்துவமாய்ப் பார்த்தால் அதுதான் கடுமையானது, ஆனால் ஒரு முடிவிலி வந்தால் அந்தப் பிள்ளையின்ர தவணைச் சராசரியே இல்லாமல் போயிடும். வகுப்புக்குப் பிறையர் காணும்.

கேள்விகளைப் பிரிச்சு வையுங்கோ: கணிப்பு, நிறுவல், படம் பார்த்து விடை சொல்றது. எல்லாத்தையும் ஒண்டாய்ச் சேர்த்தால் கணிப்புக் கேள்வியில இயந்திரம் எடுக்கிற நல்ல பேர் நிறுவல் கேள்விக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வகையிலயும் 30, 40 விடையாவது சேர முதல் முடிவு எடுக்காதேங்கோ. அதுக்குக் கீழ 0.7ஐயும் 0.85ஐயும் வேறாக்கிப் பார்க்கேலாது.

வவுனிக்குளம்

அதோட பட்டியலில ஒரு பத்தியும் சேருங்கோ, முத்தையன்கட்டு அண்ணை: விடை எப்பிடிச் சரிபார்க்கப்பட்டது. "ஒண்டும் இல்லை", "எண் போட்டுப் பார்த்தது", "வரிவரியாய் வாசிச்சது", "லீன் ஏற்றது, கூற்றை ஆசிரியர் வாசிச்சது". கடைசி வகைக்கும் முதல் ரெண்டு வகைக்கும் இடையில தண்டம் எவ்வளவு வித்தியாசப்படுது எண்டு தவணை முடிவில பார்க்கலாம். எண் போட்டுப் பார்க்கேக்க 0, 1, 2 மட்டும் போடாமல் ஒரு எதிர் எண்ணும் ஒரு பின்னமும் போடச் சொல்லுங்கோ. சமனிலிக் கேள்வியில பிழை அங்கதான் பிடிபடும்.